விடச் சொல்லாத மூச்சு

தன் குரலுக்கு நடுவில் வேறு யாரோ மூச்சு இழுப்பதை அவள் அன்று மத்தியானம்தான் முதலில் கேட்டாள்.

பேருந்து நிலையத்தின் அறிவிப்புக் குரல் அவளுடையது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவள் ஆரம்பித்தால், சண்டை போட்டுக்கொண்டிருக்கும் புருஷன் பெண்டாட்டிகூட வாயை மூடிக்கொண்டு மூட்டையைத் தூக்குவார்கள். தொற்று வந்து ஊர் அடங்கிய பிறகு வேலை வீட்டுக்கே வந்துவிட்டது. படுக்கையறையை ஒட்டித் துணிமணி வைக்கும் ஜன்னலில்லாத சின்ன அறை ஒன்று இருந்தது. சுவர்களில் பழைய மெத்தைகளையும் கம்பளிகளையும் அறைந்து, நடுவில் மைக்கை நிறுத்திக் கதவைச் சாத்திக்கொண்டால், தெருவில் இடி விழுந்தாலும் உள்ளே கேட்காது. பூச்சி உருண்டை வாசமும் பழம்பஞ்சின் நெடியும் தன் வாய்க்காற்றும் கலந்து குமையும் அந்தப் புழுக்கத்தில் உட்கார்ந்து, வராத பஸ்களுக்காக அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பேசி முடித்ததும் முதல் வேலை மூச்சைக் களையெடுப்பது. வாக்கியத்துக்கு முன்னால் இழுக்கும் மூச்சு, பின்னால் விடும் மூச்சு, எச்சில் விழுங்கும் ஓசை எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் தேடித் தேடி வெட்டிவிட வேண்டும். 'பஸ் வருமா வராதான்னு சொல்றவளுக்கு மூச்சு வாங்கக் கூடாது' என்று தங்கை இருந்தவரை அவளிடம் வேடிக்கையாகச் சொல்வாள். மூச்சில்லாத குரலை யாரும் சந்தேகப்படுவதில்லை. அது ஏதோ மேலிருந்து வருவதாக ஜனங்களுக்கு ஒரு நினைப்பு.

அன்று எல்லாவற்றையும் வெட்டிய பிறகும் ஒரு மூச்சு மிச்சமிருந்தது. இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில், சுத்தமான மௌனம் இருக்க வேண்டிய இடத்தில், யாரோ நெஞ்சு நிறைய இழுத்தார்கள். அதை வெட்டினாள். அடுத்த இடைவெளியில் இருந்தது. அதையும் வெட்டினாள். அதற்கடுத்ததில் இருந்தது. இழுக்கிற ஓசை மட்டும்தான், விடுகிற ஓசை இல்லை. விடுவார்கள், விடுவார்கள் என்று ஹெட்போனை அழுத்திக்கொண்டு காத்திருந்ததில் அவளுக்கே நெஞ்சு அடைத்தது.

மைக் பழசாகிவிட்டது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வெளியே வந்தாள்.

கூடத்தில் தங்கை மகள் சோபாவில் சுருண்டு கிடந்தாள். எல்லோருக்கும் அவள் சிட்டு. அப்பா கப்பல் வேலையில் எங்கோ ஒரு துறைமுகத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறார். அம்மா போய்ச் சேர்ந்த பிறகு சிட்டுக்குப் பெரியம்மா வீடுதான் வீடு. காலையிலிருந்து உடம்பு கணகணவென்று சுட்டது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருக்க வேண்டும். வெயில் தாழட்டும் என்று பெரியம்மா இழுத்தடித்துக்கொண்டிருந்தாள். அந்த வாசல்படியை மிதிக்க அவளுக்கு முகமில்லை, அதுதான் உண்மை.

சமையலறையில் ஃப்ரிட்ஜ் ஓடி நின்றது. அது நின்ற அந்த வெறுமையில், மிக்சிக்கும் சுவருக்கும் இடையிலிருந்து, மெதுவாக, நீளமாக, யாரோ மூச்சை இழுத்தார்கள். அவள் டம்ளரைக் கையில் வைத்தபடி நின்றாள். குழாயில் ஒரு சொட்டு விழுந்தது. எதிர்வீட்டில் யாரோ பால்கனிக் கதவைச் சாத்தினார்கள். இழுத்த மூச்சு திரும்பி வரவேயில்லை.

அவளுக்குத் தெரியும். தெரியாததுபோல் எத்தனை நேரம்தான் நடிப்பது?

தொற்று உச்சத்தில் இருந்த நாட்களில் அண்ணன் ஒரு காகிதத்தோடு வந்தான். அண்ணன் நல்லவன். பிரார்த்தனைக் குழு நடத்துகிறவன். வீடு வீடாக மளிகை கொண்டுபோய்க் கொடுத்தவன். ஜனங்கள் பயந்து சாகிறார்கள், அவர்களுக்கு ஒரு தைரியம் வேண்டும் என்றான். காகிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: மூச்சை ஆழமாக இழுத்துப் பிடியுங்கள்; மனதுக்குள் பிரார்த்தனையைச் சொல்லுங்கள்; அது முடியும்வரை இருமல் வராவிட்டால் கடவுளின் காவல் உங்கள் மேல் இருக்கிறது; உங்களுக்கு நோய் இல்லை; ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதில்லை.

படித்ததுமே அபத்தம் என்று அவளுக்குப் புரிந்தது. யாராவது டாக்டரைக் கேட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். "உன் குரல்ல சொன்னா கல்லும் கேக்கும்மா" என்று அண்ணன் சொன்னான். அந்த ஒரு சொல்லில் குளிர்ந்துபோய், பஸ் ஸ்டாண்டுக் குரலை எடுத்து மாட்டிக்கொண்டு, கனிவாக, நிதானமாகப் பேசிக் கொடுத்தாள். காகிதத்தின் கடைசி வரி, 'இப்போது மூச்சை மெதுவாக விடுங்கள்' என்பது. அதைச் சொல்லும்போது பார்த்து அவள் வயிறு குர்ரென்று சத்தம் போட்டது. மறுபடி பேசச் சோம்பல். நல்ல பசி வேறு. மூச்சை விடுவதற்குக் கூடவா ஒருத்தி சொல்லித்தர வேண்டும் என்று அந்த வரியை அப்படியே வெட்டி எறிந்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.

பதிவு போன் போனாகப் பரவியது. கடைக்காரர் அவளைப் பார்த்துக் கும்பிட்டார். தங்கை தினமும் கூப்பிட்டாள். "அக்கா, உன் குரலக் கேட்டா இருமல்கூட பயந்து ஓடுது. இன்னிக்கும் பாஸ்!" அந்தப் 'பாஸ்' சொல்லும்போதே தங்கைக்கு இரைத்தது. அக்காவின் காதில் அது நன்றாக விழுந்தது. தன் மூச்சையெல்லாம் கேட்டுக் கேட்டு வெட்டிப் பழகிய காது அது. அதெல்லாம் பொய்டி, கிளம்பு ஆஸ்பத்திரிக்கு என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் பொய் சொன்னவள் ஆகிவிடுவோமே என்று, "சரி, ரெஸ்ட் எடு" என்றாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்துப் போனபோது, சிட்டை அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருந்த தங்கை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாளாம், கன்னம் இரண்டும் உப்பியபடி.

கையிலிருந்த டம்ளரை வைத்துவிட்டு அவள் அண்ணனைப் போனில் கூப்பிட்டாள்.

"அண்ணே, அந்தப் பதிவு பொய்னு குழுவுல சொல்லிடலாம். நானே பேசித் தர்றேன்."

"இப்பப் போயா? போனவங்க வீட்ல எல்லாம் என்ன நெனைப்பாங்க? நாமதான் கொன்னோம்னு சொல்ல மாட்டாங்க?"

"கொல்லலையா?"

அண்ணன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அழுகிறானோ என்று தோன்றியது. "நான் நம்பித்தான்மா எழுதினேன்," என்றான். "நீ நம்பித்தான் பேசினியா?"

அவள் போனை வைத்துவிட்டாள். உடனே டாக்சிக்குச் சொன்னாள். இதோ வந்துடறேன்மா என்றார் டிரைவர். வெயில் சுவரை விட்டு இறங்கி, கூடம் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. சோபாவில் உட்கார்ந்து சிட்டின் தலையைத் தடவினாள். முடிக்குள் விரல் சுட்டது.

"எழுந்திரு கண்ணு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"எனக்கு ஒண்ணுமில்ல பெரியம்மா. நான் பாஸ்."

அந்தப் பதிவு இந்த வீட்டில் எந்தப் போனிலும் இல்லை. தங்கையின் போன் பீரோவுக்குள் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடக்கிறது. "யாரு உனக்கு அதப் போட்டுக் காட்டினது?"

"யாரும் போடல. நீங்கதான சொல்றீங்க, அங்க." சிட்டு சின்ன அறையைக் காட்டினாள். "நீங்க வெளிய வந்தப்புறமும் சொல்லிட்டேதான் இருக்கீங்க."

"அதெல்லாம் ஒண்ணும் செய்ய வேண்டாம். சரியா?"

"எல்லாரும் பிடிச்சிட்டிருக்காங்களே. எனக்குத்தான் ரொம்ப நேரம் முடியல." சிட்டு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "விட்டா ஃபெயில் பெரியம்மா. அம்மா ஃபெயில் ஆகவே இல்ல."

சின்ன அறையின் கதவு ஒருக்களித்திருந்தது. சாத்திவிட்டு வந்ததாக அவளுக்கு நினைவு. உள்ளே மெத்தை வாசம். அதற்கடியில் இன்னொரு வாசம், காய்ச்சல்காரர்கள் பூட்டிக் கிடந்த அறையின் வாசம். மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் அதைப் போடவில்லை.

பிறகு குரல் வந்தது. அவளுடைய குரல். கனிவாக. நிதானமாக.

"மூச்சை ஆழமாக இழுத்துப் பிடியுங்கள்."

வீடு இழுத்தது.

சமையலறையில். கட்டிலுக்கு அடியில். பீரோவுக்குள். திரைச்சீலைகள் எல்லாம் உள்பக்கமாக ஒட்டிக்கொண்டன. அவள் காதோரத்தில் ஒருவர். பிடரியில் ஒருவர். மேலே, விட்டத்தருகில், பலர். இழுத்தார்கள். நிறுத்தினார்கள். காத்திருந்தார்கள்.

ஒரு வரிக்காக. அவள் வெட்டி எறிந்த அந்த வரிக்காக.

சிட்டு எழுந்து உட்கார்ந்திருந்தாள். கன்னம் உப்பியிருந்தது. கண் அகலத் திறந்திருந்தது.

"வேண்டாம்டா. விட்டுடு."

சிட்டு அசையவில்லை.

அவள் மண்டியிட்டாள். குழந்தையின் தோளைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை மாதம் தொண்டையில் நின்றது அப்படியே வந்து கொட்டியது.

"அது பொய்டா கண்ணு. பெரியம்மா சொன்னது பொய். பொய்னு தெரிஞ்சேதான் சொன்னேன். இருமல் வந்தாலும் வராட்டாலும் டாக்டர்கிட்ட போகணும். உங்கம்மாவ நான் கூட்டிட்டுப் போயிருக்கணும். அவளுக்கு இரைச்சது எனக்குக் கேட்டுச்சு. கேட்டும் சும்மா இருந்தேன். தப்பு என்னோடது." இருட்டிக்கொண்டு வந்த கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். "போதும். விடுங்க. எல்லாரும் விட்டுடுங்க."

விட்டார்கள்.

திரைச்சீலைகள் எழும்பிப் பறந்தன. வெதுவெதுப்பான, புளித்த, மருந்து நெடியடிக்கும் காற்று அவள் முகத்தின் மேல், கழுத்தின் மேல், அறை அறையாக, நீளமாக, நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. காதோரத்தில் கடைசியாக ஒன்று, மெல்லிசாக, லேசான இரைப்போடு வந்தது. யாருடையது என்று அவளுக்குத் தெரிந்தது. தங்கை பெயரைச் சொல்லி வாய்விட்டு அழுதாள். பிறகு அதுவும் அடங்கியது. திரைச்சீலைகள் தொங்கின. மைக்கின் சிவப்பு விளக்கு அணைந்தது. வீட்டில் இப்போது அவள் மூச்சு மட்டும்தான் கேட்டது.

அவள் மூச்சு மட்டும்.

கைக்குள் இருந்த தோள் அசையவில்லை. வாசலில் டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார்.

சிட்டு இன்னும் விடவில்லை. கன்னம் உப்பியிருந்தது. உதட்டின் ஓரம் நீலம் பாரித்திருந்தது. "சிட்டு" என்று கூப்பிட அவள் வாயைத் திறந்தாள். குழந்தை மெதுவாகத் தலையை ஆட்டியது. சின்ன விரல் ஒன்றை எடுத்துப் பெரியம்மாவின் உதட்டின் மேல் வைத்து, பேச வேண்டாம், பேசினால் ஃபெயில் என்பதுபோல் பார்த்தது.