சேறு படாத மீட்டர்

தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்தில், குமாஸ்தா பேனாவைத் திறப்பதற்குள் அந்தப் பெண் ஒரு வெள்ளி மோதிரத்தை ஆய்வாளர் அம்மாளின் மேசைமேல் வைத்துவிட்டாள். அது கரிக்கட்டையாய்க் கறுத்திருந்தது.

“நேத்து காலையில பல்பொடி போட்டுத் தேய்ச்சுக் குடுத்தேம்மா. சாயந்தரம் ஆஸ்பத்திரியில அவர் விரல்லேருந்து கழட்டறப்போ இப்படி இருந்துச்சு.”

அவள் கணவன் காகித ஆலையில் பம்ப் மெக்கானிக். கழிவுநீர்க் குழிக்குள் இறங்கியவன் மயங்கி விழ, மேலே நின்றவர்கள் இடுப்புக் கயிற்றைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றியிருந்தார்கள். விஷவாயு இருந்தால் அலற வேண்டிய இடுப்பு மீட்டர் அலறவில்லை. ஆகவே வாயு இல்லை, ஆள் குடித்திருந்தான் என்றது ஆலை.

“இன்னிக்கு மூணு மணிக்கு என் தம்பியை அதே குழியில இறக்கப் போறாங்க.”

ஆய்வாளர் அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

வண்டியில் குமாஸ்தாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. “மீட்டர் கெட்டிருக்கும் மேடம். சந்தேகமே இல்ல.”

“நேத்து மழை வராதுன்னும் சந்தேகமே இல்லாமத்தான் சொன்னீங்க.”

எதைக் கொடுத்தாலும் ‘பத்திரம், பத்திரம்’ என்பதால் ஸ்டோர்கீப்பருக்கு ஆலையில் பத்திரம் என்றே பெயர். மீட்டரை அவர் இரு கைகளாலும் ஏந்தி நீட்டினார். ஆய்வாளர் சோதனை வாயுவைக் காட்டியதும் அது அலறியது. குமாஸ்தாவின் முகம் தொங்கிப்போயிற்று. பதிவைப் பார்த்தால், நேற்று முழுக்க மீட்டர் ஓடியிருக்கிறது, அளவு பூஜ்யம்.

“மீட்டர் பொய் சொல்லாதுங்க,” என்றார் மேனேஜர்.

“வெள்ளியும் சொல்லாது. அழுகின கழிவுலேருந்து வர்ற விஷவாயு வெள்ளியைக் கறுக்க வெச்சிடும்.” ஆய்வாளர் மீட்டரைத் திருப்பிப் பார்த்தார். “சேத்துல விழுந்தவர் இடுப்புல இருந்தது இது. கழுவினீங்களா?”

“தண்ணியே படக்கூடாதும்மா,” என்றார் பத்திரம்.

“அப்போ ஒரு பொட்டுச் சேறுகூட இல்லையே, எப்படி?”

அப்போதுதான் குமாஸ்தா பத்திரத்தின் மேசையைக் கவனித்தார். கால்குலேட்டர், தொலைபேசி, ஸ்டேப்ளர், எல்லாமே பாலிதீன் உறைக்குள். குமாஸ்தா வீட்டு டிவி ரிமோட்டுக்கும் அதே கதிதான்.

“மேடம்... கவர்.”

ஆய்வாளர் புன்னகைத்தார். “அலமாரியைத் திறங்க.”

உள்ளே ஏழு மீட்டர்கள். ஏழும் உறை போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றி, அடுக்கிவைத்தபடி.

பத்திரம் ஓர் உறையைத் தடவிக்கொடுத்தார். “அழுக்குப் பட்டா வீணாயிடுமேன்னுதாம்மா... அந்தச் சேத்துக் கவரை நேத்தே உரிச்சுப் போட்டுட்டேன்.”

“மூக்கைப் பொத்திட்டு மோந்து பாருன்னா, அது என்னய்யா பண்ணும்?”

மணி இரண்டே முக்கால். ஏழு உறைகளையும் பத்திரமே கிழித்தெறிந்தார். குழிக்கரையில் நின்ற தம்பி ஒரு மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கினான். இரண்டடிகூடப் போகவில்லை, வீறிட்டது. தம்பி இரண்டடி பின்னால் வந்தான். குழிக்கு மூடி போடச் சொல்லி மேனேஜரே ஓடினார்.

வெளி கேட்டில் காத்திருந்த அந்தப் பெண் பதறினாள். “என்னய்யா சத்தம் அது?”

“உங்க வீட்டுக்காரர் குடிக்கலைன்னு சாட்சி சொல்லுதும்மா,” என்றார் குமாஸ்தா.

சந்தேகமே இல்லை என்று சேர்க்க நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.