எழுத்தாளர் வீட்டுத் தொட்டாற்சிணுங்கி

அந்த எழுத்தாளர் மறைந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஆனாலும் அவருடைய வீட்டில் அவர் செருப்புக்குக்கூடக் கண்ணாடிப் பெட்டி! அவர் தும்மிய கைக்குட்டை கிடைத்திருந்தால், அதற்கும் தனியாக ஒரு விளக்குப் போட்டிருப்பார்கள்.

வீட்டில் எல்லோரும் ‘வாயாடி’ என்று கூப்பிடும் சிறுமி, தன் சித்தப்பாவோடு அங்கே வந்திருந்தாள். சித்தப்பா ஒவ்வொரு பேனாவின் முன்னாலும் ஒரு யுகம் நின்றார். அவள் மெல்லத் தோட்டத்துக்கு நழுவினாள்.

அங்கே ஒரு வெறும் பாத்தியின் முன்னால் தோட்டக்கார அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பிடுங்கிய செடிகள் மலைபோலக் கிடந்தன.

“என்னக்கா ஆச்சு?”

“இன்னிக்குத்தான் வேலைக்குச் சேர்ந்தேன், பாப்பா. முள்ளுச்செடியா இருக்கேன்னு பிடுங்கிட்டேன். இப்பதான் வாட்ச்மேன் சொல்றாரு, எழுத்தாளர் கையால நட்ட தொட்டாற்சிணுங்கியாம்! பேர்ப்பலகை பெயின்ட் அடிக்கப் போயிருக்கு. மேனேஜர் பார்த்தா என் வேலை காலி!”

வாயாடி ஒரு செடியை எடுத்துப் பார்த்தாள். “வேர்ல ஈரம் இருக்கே. திரும்ப நட்டுடலாம்.”

“பொழைக்குமா?”

“எங்க ஸ்கூல் கிரவுண்டுல ஃபுட்பால் ஆடி மிதிச்சாலும் பொழைக்குதுக்கா!”

அக்கா குழி தோண்டினாள், வாயாடி நட்டாள். முள் குத்தும்போதெல்லாம் அவள் போட்ட ‘ஆ’, ‘ஊ’ அடுத்த ஊர்வரை கேட்டிருக்கும். கடைசிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றியபோது, அவளிடம் சேறு படாத இடம் கண்கள் இரண்டுதான்.

அப்போது பார்வையாளர்களோடு மேனேஜர் வந்தார். அவருடைய மீசைக்கே தனி டிக்கெட் வாங்கலாம், அவ்வளவு பெரியது!

“எழுத்து வராத நாள்ல எழுத்தாளர் இதைத் தொட்டு விளையாடுவாராம். நீங்களும் தொட்டுப்...” குனிந்தவர் நிமிர்ந்தார். இலைகள் எல்லாம் ஏற்கெனவே மூடிச் சாய்ந்திருந்தன. “யாரு அதுக்குள்ள தொட்டது?”

அக்கா வாளியைக் கீழே வைத்தாள்.

“நாங்கதான் சார்” என்றாள் வாயாடி. “கொஞ்சம் பலமா தொட்டுட்டோம். வேரோட.”

கூட்டம் சிரித்தது. மீசை துடித்தது.

“அக்கா தெரியாமத்தான் பிடுங்கினாங்க, சார். பலகையே இல்லையே! நீங்களா இருந்தாலும் பிடுங்கியிருப்பீங்க.”

“நானா?” மேனேஜர் பலகை இல்லாத வெறும் கம்பத்தைப் பார்த்தார். பிறகு, முள் கீறிய நான்கு கைகளைப் பார்த்தார். “பலகையைக் கழட்டச் சொன்னதே நான்தான்” என்று முனகிக்கொண்டே சட்டைக் கையை மடித்தார். “அந்த ஓரத்துச் செடிக்குத் தண்ணி பத்தலை. வாளியைக் கொடும்மா.”

அடுத்த வாரம் வாயாடி சித்தப்பாவை இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள். பாத்தி முழுக்க இலைகள் விரிந்து நின்றன.

“தொட்டுப் பாரு, பாப்பா!” என்றாள் அக்கா.

வாயாடி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“வேண்டாங்கா. பாவம், இப்பதான் உடம்பு தேறியிருக்கு.”