வெள்ளைத் துணியில் காலி இடம்

திருநின்றவூர் ஏரிக்கரையில் இருந்த அந்த ஓட்டு வீட்டுக்கு ஸ்ரீநாத் பொழுது சாய்ந்ததும் வந்து சேர்ந்தான். தலையில் தொப்பி, முதுகில் கேமரா பை. பொதுமக்கள் எடுத்து அனுப்பும் அந்துப்பூச்சிப் படங்களைச் சரிபார்த்து இணையப் பட்டியலில் சேர்ப்பது அவன் பொறுப்பு. சம்பளமில்லாத வேலைதான். ஆனால் அவன் பண்ணும் அலட்டலைப் பார்த்தால் கலெக்டர்கூட எழுந்து நிற்பார்.

இந்த வீட்டு சித்ரா முந்நூறு பதிவுகள் அனுப்பியிருந்தாள். எல்லாவற்றிலும் 'பார்த்தவர்' என்ற இடத்தில் வீரராகவன் என்றே இருந்தது. போன வருஷம் செத்துப்போன அவள் புருஷன்.

"அவரு ஆரம்பிச்சது சார். அவரு பேர்லயே இருந்துட்டுப் போவட்டும். அழிச்சிடாதீங்க."

"செத்தவர் எப்படிம்மா பூச்சி பார்ப்பார்? கொஞ்சமாவது அறிவு வேணாம்?"

சித்ரா பூச்சிகள் வந்து உட்காரக் கொல்லையில் கட்டியிருந்த வெள்ளை வேட்டிக்கு எதிரே விளக்கைப் போட்டாள். ஏரிப் பாசி நாறியது. துணியில் சிறகுகள் மோதும் சத்தம் பொடிப்பொடியாகக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் துணி முழுக்கப் பூச்சிகள்.

நடுவில் மட்டும் ஒன்றுகூட உட்காரவில்லை.

ஆள் உயரத்துக்கு ஒரு காலி இடம். தலை, தோள், தொங்கும் கைகள்.

"அவருதான் லைட்டுக்கு முன்னால நின்னுகினு கீறாரு சார்" என்று கிசுகிசுத்தாள். "நெழல் வுழுற எடத்துல அதுங்க ஒக்காராது."

விளக்குக்கும் துணிக்கும் நடுவே யாருமில்லை.

ஸ்ரீநாத் ஓரடி பின்வாங்கினான். பயத்தை ஒப்புக்கொள்கிற ஆளா அவன்? "துணியில மருந்து தடவியிருக்கீங்க. உங்களை மாதிரி ஆளுங்களாலதான் இந்தப் பட்டியலே நாசமாப் போகுது" என்று இளித்தான். அவள் கண்ணெதிரிலேயே முந்நூறு பதிவுகளையும் போனில் அழித்தான். சித்ரா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாள் மாலை, பருத்திப்பட்டில் தன் அடுக்குமாடியின் மொட்டைமாடியில் புதுத் துணி கட்டினான். கடையில் வாங்கி அப்போதுதான் உறை பிரித்தது. விளக்கைப் போட்டுவிட்டு அதற்குப் பின்னால் போய் நின்றான். பூச்சிகள் வந்து அடைந்தன.

நடுவில் காலி இடம்.

ஒன்றல்ல, இரண்டு.

ஒன்று நேற்றுப் பார்த்த ஆள். அதன் கை பக்கத்து உருவத்தின் தோள்மேல் கிடந்தது. பக்கத்து உருவத்துக்குத் தலையில் தொப்பி, முதுகில் பை.

ஸ்ரீநாத் கையைத் தூக்கித் தன் தொப்பியைத் தொட்டான்.

துணியில் இருந்த உருவம் கையைத் தூக்கவில்லை.

போன் அதிர்ந்தது. சரிபார்க்கச் சொல்லிப் புதிதாக ஒரு பதிவு வந்திருந்தது. இடம், அவன் நின்ற மொட்டைமாடி.

பார்த்தவர்கள்: வீரராகவன், ஸ்ரீநாத்.