எடை மாறாத குச்சி

கதவைத் திறந்தபோது அந்த இளைஞன் படியில் பாதி இறங்கிவிட்டிருந்தான். மணியை அடித்துவிட்டு, தன்னை யார் மதித்துக் கேட்கப்போகிறார்கள் என்று அவனே முடிவு செய்து திரும்பியிருக்கிறான். கதவைத் திறந்தவள் விடவில்லை. மணி அடித்தால் உள்ளே வந்துதான் ஆக வேண்டும் என்று சொல்லி, கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார வைத்தாள்.

அந்த வீட்டில் இருந்தவர்கள் இரண்டு பெண்கள். மூத்தவர் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எரிந்துபோன கடைக்குள்ளும் வீட்டுக்குள்ளும் புகுந்து, நெருப்பு எந்த மூலையில் எப்படிப் பிடித்தது என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் அவருடைய வேலை. ஓய்வுக்குப் பிறகும் சிக்கலில் மாட்டியவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். அவர் எதற்கும் பதறி யாரும் பார்த்ததில்லை என்பதால் எல்லோருக்கும் அவர் நிதானம். இளையவள் அவருடைய நாத்தனார், வாடகைக் கார் ஓட்டுபவள். அவளை எல்லோரும் அழைத்தது அவசரம் என்று.

இளைஞன் தயங்கித் தயங்கித் தன் கதையைச் சொன்னான். கடலுக்கும் மலைக்கும் நடுவில் இருக்கும் மேட்டு வானிலை நிலையத்தில் அவன் பதிவாளர். தினமும் மதியம் வெப்பம், காற்று, ஈரம் மூன்றையும் அளந்து தலைமை அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் மலையடிவாரச் சாலையில் இருக்கும் தீ அபாயப் பலகையின் நிறம் மாறும். பச்சை என்றால் குப்பை எரிக்கலாம், வெளியில் அடுப்பு மூட்டலாம். சிவப்பு என்றால் தீக்குச்சியைக்கூடக் கிழிக்கக் கூடாது.

இரண்டு வாரமாக மாநிலத்தின் கரையோரம் முழுக்கப் பலகைகள் ஆரஞ்சுக்கு ஏறியிருந்தன. இவனுடைய பலகை மட்டும் பச்சையிலேயே நின்றது. பச்சையை நம்பி ஒரு விவசாயி போன வாரம் களையைக் கொளுத்த, தீ புல்லில் ஏறி அவருடைய வேலியையும் வைக்கோல் கொட்டகையையும் தின்றுவிட்டது. ஆளுக்குச் சேதமில்லை. ஆனால் மேலதிகாரி வந்து பார்த்தபோது, இவன் கொடுத்த ஈர அளவு ஒரு நாள்கூட மாறவில்லை என்று தெரிந்தது. வெயிலில் ஏறி இறங்கச் சோம்பல்பட்டு, அறையில் உட்கார்ந்தபடியே ஒரே எண்ணை எழுதியிருக்கிறான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். நாளை மதியம் விசாரணை. வேலை போனால் இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதியும் அதோடு போய்விடும். ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அங்கே அவன் அனுப்புவதை நம்பி அம்மாவும் இரண்டு தங்கைகளும் இருந்தார்கள்.

"நான் தினமும் எடை போட்டேன், மேடம்."

"அக்கான்னு சொல்லு," என்றாள் அவசரம். "மேடம்னா எங்க அண்ணி இன்னும் மெதுவாப் பேசுவாங்க."

நிதானம் அதைக் காதில் வாங்கவில்லை. "எடை எவ்வளவு வந்துச்சு?"

"நூத்திப் பதினாலு."

"தினமுமா?"

"தினமும்தான்க்கா."

"ஒரே நம்பரா வருதே, கொஞ்சம் கூட்டிக் குறைச்சு எழுதலாம்னு உனக்குத் தோணவே இல்லையா?"

இளைஞன் விழித்தான். "வராத நம்பரை எப்படிக்கா எழுதறது?"

நிதானம் எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டார். கார்ச் சாவியோடு அவசரம் ஏற்கெனவே வாசலில் நின்றாள்.

மேட்டு நிலையம் என்பது ஓர் அறை, ஒரு தண்ணீர்க் குழாய், கம்பி வேலிக்குள் சில கருவிகள், அவ்வளவுதான். காலையில் கடலிலிருந்து ஏறிய மூடுபனியில் வேலியோரப் புல் இன்னும் நனைந்திருந்தது. கருவிகள் வைத்த மரப்பெட்டி, வாசல் கதவு, உட்காரும் பெஞ்சு எல்லாம் புதிதாய் மின்னின. போன மாதக் கடைசியில் அலுவலகம் ஆள் அனுப்பி எல்லாவற்றுக்கும் வண்ணம் அடித்ததாக இளைஞன் சொன்னான். பெட்டிக்கும் கதவுக்கும் வெள்ளை, பெஞ்சுக்கு வார்னிஷ். அப்போது அவன் அனுமதியைப் புதுப்பிக்க இரண்டு நாள் விடுப்பில் போயிருந்தான். அவனுக்குப் பதில் வேலை பார்த்தவர் மாற்றுப் பதிவாளர்.

பெட்டிக்குப் பக்கத்தில், இரண்டு கம்பிக் கொக்கிகளில் படுத்திருந்தது ஈரக்குச்சி. நாலு மெல்லிய மரக்குச்சிகளைச் சேர்த்துக் கட்டிய சட்டம். காட்டில் உதிர்ந்து கிடக்கும் சுள்ளி எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதை அறிய அதுதான் வழி. முழுக்கக் காயவைத்தால் அதன் எடை சரியாக நூறு கிராம் இருக்கும்படி செய்து அனுப்புவார்கள். வெட்டவெளியில் கிடக்கும்போது காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் திருப்பிக் கொடுக்கும். நூற்றுக்கு மேல் எத்தனை கிராமோ அத்தனை ஈரம். நூற்றிப் பதினாலு என்றால் காடு பத்திரம். நூற்றி ஐந்துக்குக் கீழே போனால் ஒரு பொறி போதும்.

"நல்லா பளபளன்னு இருக்கே," என்றார் நிதானம்.

"நான் லீவு முடிஞ்சு வந்தப்பவே இப்படித்தான் இருந்துச்சு. மாற்றுப் பதிவாளர் புதுசு மாட்டியிருக்காருன்னு நினைச்சுக்கிட்டேன்."

நிதானம் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தார். கை தவறியதுபோலக் கொஞ்சம் சிந்தியது. குச்சியின் மேல் விழுந்த துளிகள் உருண்டு கீழே குதித்தன. காலடியில் கிடந்த பழைய மரக்கட்டையில் விழுந்தவை கறையாகப் பரவி மறைந்தன. நிதானம் இரண்டையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் அவசரம் நிலையத்தையே சுற்றி வந்துவிட்டாள். குழாயடியில் ஒரு வாளி இருந்தது. யாருடையது என்று கேட்டதற்கு, கீழே சுற்றுலாப் பயணிகளுக்குக் கூடாரம் வாடகைக்கு விடுகிறவருடையது என்று பதில் வந்தது. அவர் தினமும் காலையில் இங்கே வந்துதான் தண்ணீர் பிடித்துத் தன் வண்டியில் ஏற்றிப்போவார். பலகை ஆரஞ்சுக்கு மாறினால் அவருடைய கூடாரங்களில் அடுப்பு எரியக் கூடாது. அடுப்பில்லாத கூடாரத்துக்கு ஆள் வராது. அவசரம் கைகளைத் தட்டிக்கொண்டாள்.

"கேஸ் முடிஞ்சது அண்ணி. அந்த மனுஷன் தினமும் வாளித் தண்ணியைக் குச்சி மேல ஊத்தியிருக்காரு. ஆளைப் பிடிச்சுக் காருல போடவா?"

நிதானம் அந்த வாளியில் பாதித் தண்ணீர் பிடித்து அவள் கையில் கொடுத்துத் தூக்கச் சொன்னார், பேசாமல் இருக்க இது உதவும் என்றார். பிறகு இளைஞனிடம், அலுவலகம் ஒரு பருவத்துக்கு எத்தனை ஈரக்குச்சி அனுப்பும் என்று கேட்டார். வழக்கமாக மாற்றுக்கு ஒன்றே ஒன்று என்றான். அறைக்குள் இருந்த அலமாரியை அவரே திறந்தார். மேல்தட்டில், காகித உறை பிரிக்காமல், நீளமாக ஒரு கட்டு இருந்தது.

அதைப் பிரித்து வெளியில் மாட்டச் சொன்னார். நாளை மதியம்வரை அது பழையதன் பக்கத்திலேயே கிடக்கட்டும் என்றார். பிறகு மேலதிகாரிக்குத் தொலைபேசியில் ஒரு வேண்டுகோள் வைத்தார். விசாரணைக்கு வரும்போது மாற்றுப் பதிவாளரையும், வண்ணம் அடித்தவரையும் அழைத்து வர வேண்டும்.

மறுநாள் மதியம் காற்று திசை மாறிவிட்டது. கடல் பக்கமிருந்து வரவில்லை. மலைக்கு அப்பால் இருந்து, அடுப்பு வாயைத் திறந்ததுபோல வந்தது. மாலைக்குள் இது பலக்கும் என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். சாலையில் பலகை பச்சை காட்டிக்கொண்டிருந்தது. மேலதிகாரி தீப்பருவம் தொடங்கியதிலிருந்து சரியாகத் தூங்காதவர்போல இருந்தார். வந்ததும் வராததுமாக, பத்து நிமிடத்துக்கு மேல் தனக்கு நேரமில்லை என்றார். மாற்றுப் பதிவாளர் குடையை விரித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். கூடாரக்காரரை அவசரம் தன் காரிலேயே ஏற்றி வந்திருந்தாள். வழியெல்லாம் அவரை முறைத்ததில் அவர் ஏற்கெனவே வியர்த்திருந்தார். வண்ணம் அடிப்பவர் பெஞ்சை ஒருமுறை தடவிப் பார்த்து, தன் வேலையில் திருப்திப்பட்டுக்கொண்டார்.

நிதானம் முதலில் மேலதிகாரி பக்கம் திரும்பினார்.

"இந்தப் பையன் பொய் நம்பர் எழுதினான்னு சொல்றீங்க. நான் முப்பது வருஷம் பொய்க் கணக்குகளைப் பிடிச்சவ. பொய் எழுதறவன் ஒரு நாளும் ஒரே நம்பரை எழுத மாட்டான். இன்னைக்கு நூத்திப் பன்னெண்டு, நாளைக்கு நூத்திப் பதினொன்னுன்னு அழகா ஏத்தி இறக்குவான், உங்களுக்குச் சந்தேகம் வரக் கூடாதே. இவன் தினமும் நூத்திப் பதினாலுன்னு எழுதியிருக்கான். திட்டு விழும்னு தெரிஞ்சும் எழுதியிருக்கான். ஏன்னா தராசு அதைத்தான் காட்டுச்சு."

"அப்ப தண்ணி ஊத்தினது..." என்று அவசரம் கூடாரக்காரரைப் பார்த்தாள்.

"தண்ணி ஊத்தினா ஒரு நாள் நூத்தி இருபது வரும், ஒரு நாள் நூத்தி ஏழு வரும். காலையில ஊத்துற தண்ணி மதிய வெயிலுக்கு ஒரே அளவா மிஞ்சுமா? இவர் ஊத்தல. இவருக்குக் குச்சி எதுன்னே தெரியாது."

கூடாரக்காரர் வேகமாகத் தலையாட்டினார். அது துணி காயப்போடுகிற கம்பி என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாராம்.

"அப்போ என்னதான் நடந்துச்சு?" மேலதிகாரி கடிகாரத்தைப் பார்ப்பதை மறந்துவிட்டிருந்தார்.

"மூடுபனியில நனைஞ்சாலும் ஏறல, வெயில்ல கிடந்தாலும் இறங்கல. அப்போ இந்தக் குச்சி குடிக்கவும் இல்ல, கொடுக்கவும் இல்ல. வாயைக் கட்டி வெச்ச மாதிரி இருக்கு. எப்போலேருந்து? இவன் லீவுக்குப் போன ரெண்டு நாள்லேருந்து. திரும்பி வந்து பளபளப்பைப் பார்த்து, மாற்று ஆள் புதுசு மாட்டியிருக்கார்னு நினைச்சான்."

மாற்றுப் பதிவாளர் குடையை மடக்கினார். "நான் மாட்டலையே. அடுத்த வாரம் இந்தப் பக்கம் வந்தப்ப எனக்கும் கண்ணுல பட்டுச்சு. தம்பிதான் மாத்தியிருக்கான்னு நினைச்சேன்."

"ரெண்டு பேரும் மாத்தல. புதுக் குச்சி நேத்துவரைக்கும் உறைக்குள்ளேயே இருந்துச்சு." நிதானம் வண்ணம் அடிப்பவரிடம் திரும்பினார். குரல் இன்னும் இறங்கியது. "பெஞ்சுக்கு அடிச்ச வார்னிஷ் கொஞ்சம் மிஞ்சியிருந்துச்சாண்ணே?"

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பேசினார்.

"விரிசல் விட்டு, நரைச்சுப்போய்க் கிடந்துச்சும்மா. எல்லாத்தையும் புதுசாக்கிட்டு இதை மட்டும் விட்டுட்டுப் போக மனசு வரல. எறும்பு அரிச்சிடும்னு ரெண்டு கோட்டு அடிச்சேன். கூலிகூட கேக்கல."

"அடிச்ச வேலையில ஒரு குறையும் இல்ல. சந்துபொந்து விடாம அடிச்சிருக்கீங்க. அதான் ஒரு சொட்டு ஈரம் உள்ளே போகவோ வெளியே வரவோ வழியில்லாமப் போச்சு. வார்னிஷோட கனம் வேற சேர்ந்துடுச்சு."

அவசரம் வாளித் தண்ணீரில் விரலை நனைத்து இரண்டு குச்சிகளின் மேலும் தெளித்தாள். பழையதில் துளிகள் உருண்டன. புதியதில் விழுந்தவற்றைக் காணவில்லை. யாரும் சொல்லாமலே மேலதிகாரி குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார். எடை போடுவதற்கு முன்னால் தண்ணீர் தெளிக்கச் சொன்னது யார் என்று நிதானம் நாத்தனாரைக் கேட்க, அவள் வாளியைக் கீழே வைத்தாள். தெளித்த இடம் காயும்வரை எல்லோரும் அந்தக் காற்றில் காத்திருக்க வேண்டியதாயிற்று. காத்திருந்த நேரத்தில் கூடாரக்காரர் தன்னைச் சந்தேகப்பட்டதற்கு ஒரு டீயாவது வாங்கித் தர வேண்டும் என்று அவசரத்திடம் வாதாடினார். திரும்பப் போக இலவசமாகக் கார் கிடைக்கும், அதோடு திருப்திப்பட வேண்டும் என்று அவள் சொல்லிவிட்டாள்.

வண்ணம் அடிப்பவர் இளைஞனிடம் போய் ஏதோ சொல்ல முயன்றார். உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை அண்ணே என்று இளைஞனே முந்திக்கொண்டான். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

தெளித்த ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகு மேலதிகாரி பேனாவை எடுத்தார். "எடை போடு."

இளைஞன் புதுக் குச்சியை இரண்டு கையாலும் ஏந்தித் தராசில் வைத்தான். எண் நடுங்கி நின்றது.

"நூத்தி நாலு, சார்."

மேலதிகாரி நின்ற இடத்திலிருந்து நகரவில்லை, தராசை எட்டிப் பார்க்கவுமில்லை. அவன் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு, தொலைபேசியில் அலுவலகத்தைக் கூப்பிட்டுப் பலகையைச் சிவப்பாக்கச் சொன்னார். அதைக் கேட்டதும் கூடாரக்காரர் தன் நஷ்டத்தை முணுமுணுத்தபடியே அடுப்புகளை அணைக்க ஓடினார். ஓடியவர் திரும்பி வந்து, கொட்டகை எரிந்த விவசாயியின் நிலத்தில் தன் தண்ணீர் வண்டியை இன்று இரவு நிறுத்தி வைப்பதாகச் சொல்லிவிட்டு, மறுபடி ஓடினார்.

சொன்னதுபோலவே மாலையில் காற்று பலத்தது. மலையடிவாரத்தில் ஜன்னல்கள் படபடத்தன, மரங்கள் தலையை உதறின. எங்கும் ஒரு புகை எழவில்லை.

அன்று மதியம் நிலையத்திலிருந்து கிளம்பும் முன் மேலதிகாரி தன் வண்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவர். இளைஞனைப் பார்த்துச் சொன்னார்.

"நாளைக்கு நான் வர மாட்டேன். மதியம் நம்பரை போன்ல சொல்லிடு, எழுதிக்கிறேன்."