எல்ம்விக் சந்தியில் வைத்த சோறு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பயந்த சுபாவம் உள்ளவள் இல்லை. பங்கருக்குள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, ஷெல் எந்தப் பக்கம் விழுகிறது என்று சத்தத்தை வைத்தே சொன்னவள். அதனால் எல்ம்விக் கோர்னர்ஸில் நடந்ததை மூளை பிசகின கதை என்று நினைப்பவர்கள் நினைத்துவிட்டுப் போகட்டும்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஒக்ரோபரில் கனடாவில் மோர்னிங்சைட் அப்பாட்மென்றை விட்டு அங்கே வீடு மாறினோம். நானும் கணவரும் பதினைந்து வயது மகள் தனுஷிகாவும். ரூஜ் பக்கம் புது வீடுகள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த வீடுகளுக்கு நடுவில் பழைய காலத்துக் குட்டி ஊர் ஒன்று கரையாமல் மிச்சம் இருந்தது. ஒரு நாற்சந்தி, அதைச் சுற்றிக் கல்லுத் தேவாலயம், கொல்லன் பட்டறை, குதிரைகள் தண்ணீர் குடித்த கல்தொட்டி, கொஞ்சம் தள்ளி மாவு ஆலையின் குளம். வழிப்போக்கர் தங்கிய பழைய சத்திரத்தில் இப்போது பல் வைத்தியர் இருந்தார். சந்தியைப் பார்த்தபடி நின்ற செங்கல் வீடு எங்களுடையது. படியில் கால் வைத்ததும் மரம் முனகியது. பழைய வீடு முனகாமல் பாட்டா பாடும் என்று சொல்லிக்கொண்டு பெட்டிகளை உள்ளே இழுத்தேன்.

என் கணவர் யாழ்ப்பாணத்தில் சரித்திரம் படிப்பித்தவர். இங்கே தொழிற்சாலையில் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டினார். எல்ம்விக்குக்கு வந்த பிறகுதான் அவருடைய முகத்தில் வாத்தியார் திரும்பி வந்தார். ஊரின் சரித்திரச் சங்கத்தை நடத்திய றோஸ்மேரி என்ற வெள்ளைக்கார மனுஷி ஞாயிறு தோறும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு இடமாகக் காட்டுவாள். இவர் ஒரு ஞாயிறும் தவறவிடவில்லை. இங்கிலாந்தில் எல்ம்விக் என்ற கிராமத்திலிருந்து பதினேழு குடும்பங்கள் கப்பலேறி வந்து, விட்டு வந்த ஊரை அப்படியே இங்கே கட்டி எழுப்பினார்களாம். தேவாலயம் நின்ற திசை, சந்தி, குளம், அங்கத்தைய வழக்கங்கள், எல்லாம் அச்சுப் பிசகாமல். எங்கட சனமும் இப்படித்தானே செய்யுது என்று சொல்லிச் சிரிப்பார்.

ஜனவரியில் ஒரு காலை வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தவர் சவளோடு சரிந்தார். அம்புலன்ஸ் வரும்போது உயிர் இல்லை.

எட்டாம் நாள் எட்டுச் செலவு. இறந்தவருக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்துப் படைத்து, ஒரு பங்கைப் பொழுதுபட்டதும் சந்தியில் கொண்டுபோய் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வருவது எங்கள் வழக்கம். அப்பாட்மென்றில் இருக்கும் சனம் இதைக் கார் நிறுத்துமிடத்தில் ஒப்பேற்றிவிடும். எங்களுக்கோ வாசலிலேயே அசல் நாற்சந்தி. அண்ணன் சண்முகநாதன் அதைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார்.

நண்டுக் கறி, ஆட்டிறைச்சி, முட்டைப் பொரியல், சோறு, ஒரு சுருட்டு, சின்னப் போத்தலில் விஸ்கி. கனடாவில் ஜனவரி ஐந்து மணிக்கே இருட்டிவிடும். அண்ணனும் நானும் தனுஷிகாவும் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனோம். புதுப் பனி கணுக்கால் வரை கிடந்தது. சந்தி ஓரத்தில் தட்டத்தை வைத்ததும், கூப்பிடு என்றார் அண்ணன்.

பத்தொன்பது வருடத்தில் நான் என் கணவரின் பெயரைச் சொன்னதில்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் சொல்வதில்லை. வாயில் வந்தது எப்போதும் வருவதுதான்.

"இஞ்சாருங்கோ, பசியோட நிக்காதையுங்கோ. வீட்டை வந்து சாப்பிடுங்கோ."

அதுதான் நான் செய்த பிழை. பெயர் சொல்லாத அழைப்பு யாருக்கும் பொருந்தும்.

திரும்பிப் பார்க்காமல் நடந்தோம். வாசலுக்கு வந்து கதவைச் சாத்தும்போதுதான் தெருவிளக்கு வெளிச்சத்தில் கவனித்தேன். சந்திக்குப் போன தடங்கள் மூன்று பேருடையவை.

வந்த தடங்கள் நான்கு.

நாலாவது, வெறுங்கால். ஒரு சாண் அளவுதான் இருக்கும். அது எங்கள் படி வரைக்கும் வந்திருந்தது. திரும்பிப் போன அடையாளம் இல்லை.

அண்ணனிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் ஐயரையும் ஆட்களையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

மறுநாள் பொழுதுபட, சாப்பாட்டு மேசையில் அவருடைய கதிரை தானாகவே பின்னுக்கு நகர்ந்தது. யாரோ உட்கார்ந்ததுபோல் பலகை மெல்ல நெரிந்தது. குளத்துச் சேற்றின் மணம் வீட்டுக்குள் பரவியது. வெளியே குளம் கல்லாய் உறைந்து கிடக்க, இந்தச் சேற்று மணம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு விளங்கவில்லை. தனுஷிகா மட்டும், தகப்பன் செத்த பிறகு முதல் தடவையாக, முகம் மலர்ந்தாள்.

"அப்பா வந்திருக்கிறார் அம்மா. லைற்றைப் போடாதேங்கோ, பிளீஸ்."

நான் போடவில்லை. அந்தக் குற்றம் என்னுடையதுதான். அது அவர் இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். அவர் நண்டு சாப்பிட்டால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். இதுவோ சத்தமே இல்லாமல், யாராவது தட்டிப் பறித்துவிடுவார்கள் என்ற அவசரத்தில் தின்றது. ஆனாலும் பிள்ளை சிரிக்கிறாளே என்று இரண்டு கிழமை, பதினாலு நாள், வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அந்த இரண்டு கிழமையில் அவள் உடைந்துபோனாள். கன்னம் ஒட்டிவிட்டது. கையைத் தொட்டால் ஜில்லென்றிருக்கும். நான் போடும் சோறு ஒழுங்காக முடிந்துகொண்டே இருந்தது. கடைசியில் நெருக்கிக் கேட்டபோதுதான், ஒரு நாளும் தான் சாப்பிடவில்லை என்றாள். அப்பாவுக்குச் சரியான பசியாம், தன் தட்டை அவர் பக்கம் தள்ளிவிடுவாளாம்.

அடுத்த நாளே நூலகத்தில் றோஸ்மேரியைப் பிடித்தேன். அந்தக் காலடி சந்தியிலிருந்து வந்ததால், சந்தியில் யார் கிடக்கிறார்கள் என்று நேராகக் கேட்டேன். ஊரில் பார்க்க வேண்டியது எல்லாம் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது என்றாள். பலகையில் இல்லாததைத்தான் கேட்கிறேன் என்றேன். நெடுநேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

நூற்றறுபது வருடத்துக்கு முன் சத்திரத்தில் வேலை செய்த பெண் ஒருத்தி. வயது பதினாலோ பதினைந்தோ. ரொட்டி திருடினாள் என்று நடுப் பனிக்காலத்தில் துரத்திவிட்டார்கள். வீடு வீடாகப் போய்த் தட்டியிருக்கிறாள். ஒரு கதவும் திறக்கவில்லை. வசந்தத்தில் பனி உருகியபோது ஆலைக்குளத்தில் மிதந்தாள். தானாக விழுந்து செத்தவளுக்குத் தேவாலய மண்ணில் இடமில்லை என்று, பழைய ஊர் வழக்கப்படி நாற்சந்தியில் புதைத்து மேலே வண்டிகளை ஓட்டினார்கள். பெயரை எந்தப் பதிவேட்டிலும் எழுதவில்லை. இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வரும் ஆட்களுக்குச் சொல்ல ஏலாது, குழந்தைகளும் வருவார்கள் என்றாள் றோஸ்மேரி.

சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது எனக்குப் பேயில் வந்ததைவிட அந்தப் பதினேழு குடும்பங்களில்தான் கோபம் கூடுதலாக வந்தது. நூற்றறுபது வருடத்தில் அவளை வீட்டுக்குச் சாப்பிட வா என்று கூப்பிட்ட முதல் ஆள் நான்தான்.

பஸ் பிடித்து வீட்டுக்கு வரும்போது ஐந்து மணி தாண்டிவிட்டது. வீடு முழுக்க இருட்டு.

பின்கதவு திறந்திருந்தது.

தனுஷிகா வெறுங்காலுடன் அந்த வாசற்படியில் நின்றாள். தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டியது. குளிக்கவில்லை. மழையும் இல்லை.

"அப்பா கூப்பிடுறார்," என்று முணுமுணுத்தாள். "குளத்தடிக்கு."

ஆலைக்குளத்தில் அந்த வாரம் பனிக்கட்டி இளகத் தொடங்கியிருந்தது. நான் அவளுக்கும் வெளிக்கும் நடுவில் போய் நின்று கதவுச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மேசையடியில், அவருடைய கதிரையில், இருட்டைவிடக் கறுப்பாக ஏதோ குந்தியிருந்தது. அதன் முழங்கால்கள் நாடியைத் தொட்டன.

மூச்சுச் சத்தம் இல்லை.

தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும்.

கதவுச் சட்டத்தை விடாமல் அதை நேரே பார்த்துச் சொன்னேன்.

"நீ ஆரெண்டு எனக்குத் தெரியும் பிள்ளை. பசியில வந்தனி, தின். ஆனால் உது உன்ர கதிரை இல்லை. அது என்ர மனிசன்ர கதிரை. அவருக்குப் பேர் நவரட்ணம்."

வாய் கூசியது. பத்தொன்பது வருடம் அடக்கி வைத்த சொல். திரும்பவும் சொன்னேன். நவரட்ணம். மூன்றாம் தரம் சொல்லும்போது சுவர் அதிரக் கத்தினேன். உயிரோடிருக்கும்போது ஒரு தரமாவது அப்படிக் கூப்பிட்டிருக்கலாம் என்று அந்த நேரத்திலும் நெஞ்சு வலித்தது.

கதிரை பின்னுக்கு நகர்ந்தது.

"என்ர பிள்ளையை நீ கொண்டுபோக ஏலாது. உன்னைப் பட்டினி போட்டது இவள் இல்லை."

நிலத்தில் ஈரப் பாதங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. என்னை நோக்கி வந்தன. நான் விலகவில்லை. என் முழங்கையின் கீழாகக் குளிர் ஒன்று நுழைந்து வெளியே போனது. அந்தக் கணமே தனுஷிகா வீரிட்டு அழுதாள், குளிருது அம்மா, கால் குளிருது என்று. அவளை அள்ளிப் போர்த்தி, சூடாகப் பால் பருக்கி, லைற் எல்லாவற்றையும் போட்டேன். பிறகு ஒரு தட்டில் சோறும் பருப்பும் போட்டு, பின்படியில் வைத்துவிட்டு வந்தேன்.

நடந்ததைச் சொன்னதும், வீட்டை வித்துப்போட்டு வா என்று அண்ணன் விடாப்பிடியாகத் தலையால் கிடங்கு கிண்டினார். ஐயரைக் கூப்பிட்டு அவளை மந்திரத்தால் கட்டிவிடுவோம் என்றும் சொன்னார். சந்தியில புதைச்சு ஒருக்கால் கட்டினது காணும், இனி வேண்டாம் என்றேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த மாலை, சந்திக்கு இரண்டு தட்டங்கள் கொண்டுபோனேன். ஒன்றை வைத்து, நவரட்ணம் என்று ஊருக்கே கேட்கக் கூப்பிட்டேன். மற்றதை வைத்து, பெயரில்லாத பிள்ளை, இது உனக்கு என்றேன். வீதி ஓரத்தில் உணவு வைப்பது ஊரின் அழகைக் கெடுக்கிறது என்று சரித்திரச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. அதை மடித்து, ஆடும் மேசைக் காலுக்கு அடியில் அண்டக் கொடுத்தேன். ஒவ்வொரு கிழமையும் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் சந்தியில் வந்து நிற்கும்போது, பலகையில் இல்லாத கதையை என் உடைந்த இங்கிலிசில் நானே சொன்னேன். றோஸ்மேரி முதலில் முகத்தைச் சுளித்தாள். பிறகு நின்று கேட்டாள்.

தனுஷிகா தேறி, பள்ளிக்கூடம் முடித்து, தொண்ணூற்றெட்டில் வோட்டர்லூவுக்குப் படிக்கப் போனாள். இந்த வீட்டில் தனியாகக் கிடந்து என்ன செய்யப் போகிறாய் என்று எல்லோரும் கேட்டார்கள். தனி என்று யார் சொன்னது என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன்.

அடுத்த மார்ச்சில் எனக்குக் கடுமையான காய்ச்சல். மூன்று நாள் மேல்மாடிக் கட்டிலை விட்டு எழும்ப முடியவில்லை. சந்திக்குச் சோறு வைக்கும் நாளும் அதற்குள் வந்து போய்விட்டது. தண்ணீர் எடுத்துத் தரவும் ஆளில்லை. பொழுது மங்கி, அறை கறுத்துக்கொண்டு வந்தது.

கீழே சோற்றுப் பானையின் மூடி திறபட்டது.

அகப்பைச் சத்தம்.

படி முனகியது. ஒன்று, இன்னொன்று. குளத்துச் சேற்றின் மணம் கதவடிக்கு வந்து நின்றது.

ஓடவும் பெலன் இல்லை. ஓடும் எண்ணமும் இல்லை. "வா," என்றேன்.

கட்டிலோரத்தில் ஏதோ மெல்ல வைக்கப்பட்டது. தடவிப் பார்த்தேன். ஒரு தட்டில் குளிர்ந்த சோறு. விளிம்பில் ஈரச் சேறு விரல் அளவுக்கு ஒட்டியிருந்தது. எழும்பி உட்கார்ந்து, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். முடித்ததும் வெறுந்தட்டை இருட்டுக்குள் நீட்டினேன்.

யாரோ வாங்கிக்கொண்டார்கள்.