துண்டில் படிந்த சிவப்பு

காலை 9.05.

ராஜபாளையம் மலையடிவாரத்து மாந்தோப்பில் ஐப்பசி மழை விட்டபாடில்லை. மேலே உச்சிப்பாறையிலிருந்து கீழே ஓடைக்கரை வரை இரண்டு கிலோமீட்டர் செங்குத்துச் சரிவு. மலைச் சைக்கிளில் அதை யார் சீக்கிரம் இறங்குகிறார்களோ அவர்களுக்குக் கோப்பை. பதினோராம் எண் பாண்டிச்செல்வம் மூன்றாவது வளைவில் திரும்பவில்லை. நேராகப் போய்ப் பாறையில் மோதினான்.

கீழே குடை பிடித்து நின்ற அவன் தாத்தா முத்துவீரன், விசில் சத்தம் கேட்டதும் மேலே ஏறினார். வயது எழுபத்தொன்று. முப்பத்தாறு வருடம் போலீஸ் வேலை பார்த்து, சப் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் தெருவில் நடந்தால் இன்றும் பீடியை மறைப்பவர்கள் உண்டு.

பேரனின் வலது முழங்கால் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

"முன் பிரேக்கு பிடிக்கல தாத்தா," என்றான்.

காலை 10.20.

பெரிய ஆஸ்பத்திரி வாசலில் மருமகள் சண்முகத்தாய், பாண்டிச்செல்வத்தின் அம்மா, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "காப்பு வச்சும் இப்படி ஆயிட்டே மாமா," என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு நிமிர்ந்தாள். "அந்தத் தேவதானத்துப் பயதான். வேற யாரு. நீங்க போலீசுல இருந்தவிய. விட்டுறாதிய."

தேவதானத்துப் பயல் என்றால் சூர்யபிரகாஷ். பங்காளி வீட்டுப் பிள்ளை. போட்டியில் ஐந்தாம் எண். கருப்பசாமி கோயில் முதல் மரியாதை யாருக்கு என்பதில் பன்னிரண்டு வருடத்துக்கு முன் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது. சாமி மட்டும் இன்னும் ஒன்றுதான்.

முத்துவீரன் தோப்புக்குத் திரும்பினார்.

காலை 11.30.

சைக்கிளை மெக்கானிக் சீனிச்சாமி கூடாரத்தில் தலைகீழாக நிறுத்தியிருந்தார். போட்டிக்கு முன் எல்லா வண்டியையும் சோதித்து ஸ்டிக்கர் ஒட்டியவர் அவர்தான்.

"எத்தனை மணிக்குப் பாத்தீரு?"

"ஏழு பத்து. ரெண்டு பிரேக்கும் கல்லு மாதிரி நின்னுச்சு."

"மேல எப்படிப் போச்சு?"

"எட்டு பத்துக்கு ஜீப்புல ஏத்துனோம். மேல நானே இறக்கி வரிசையில நிறுத்துனேன். எவனும் கிட்ட வரல. உருட்டிக்கூடப் பாக்கல."

"இப்போ?"

"பின் பிரேக்கு நல்லாருக்கு. முன்னால இந்தத் தகடு இருக்கு பாருங்க, டிஸ்க்கு. இதைக் கட்டை ரெண்டும் ரெண்டு பக்கமும் கவ்வுனாத்தான் சக்கரம் நிக்கும். இதுல சேத்தோட எண்ணெய். உள்பக்கம் அப்பிக் கெடக்கு. வெளிப்பக்கம் லேசா."

முத்துவீரன் தகட்டில் விரல் வைத்து முகர்ந்தார். காலையிலிருந்து கையில் ஒட்டியிருந்த அதே வாசம்தான் வந்தது. பயன்படாது என்று விரலை வேட்டியில் துடைத்தார்.

ஏழு பத்துக்கும் எட்டு பத்துக்கும் நடுவே ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் வண்டிக்குக் காவல் அவரேதான். ஏழு இருபத்தைந்துக்குக் குலவழக்கப்படி காப்பு வைத்தார். அந்த வீட்டில் பட்டாளத்துக்கோ போலீசுக்கோ போட்டிக்கோ யார் கிளம்பினாலும், கருப்பசாமியின் அரிவாளுக்குச் சாத்திய இலுப்பை எண்ணெயில் குங்குமம் குழைத்து, கிளம்புகிறவனின் இரும்பில் மூத்தவர் கை வைக்க வேண்டும். பெட்டிப் பூட்டு, லத்திப் பூண், மோட்டார் சைக்கிள், எதுவானாலும் சரி. பெயிண்ட் பூசாத வெற்று இரும்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஏழு நாற்பதுக்கு டீ குடிக்கப் போனார். ஏழு ஐம்பதுக்குத் திரும்பியபோது, முன் சக்கரத்தருகே ஒருவன் குத்தவைத்திருந்தான்.

"யாருலே அங்க? எங்க வண்டிகிட்ட ஒனக்கு என்ன வேலை?"

எழுந்தவன் சூர்யபிரகாஷ். கையில் துண்டு. பதில் சொல்லாமல் மழைக்குள் போய்விட்டான்.

இதற்குமேல் என்ன வேண்டும்? பகல் 12.30க்கு முத்துவீரன் ஸ்டேஷனில் உட்கார்ந்து, தன் கையெழுத்திலேயே புகார் எழுதினார். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை.

மாலை 3.00.

டாக்டர் வெளியே வந்தார். "நடப்பான். சைக்கிள்லாம் இனிமே நினைக்க வேண்டாம்."

உள்ளே போகுமுன் நர்ஸ் முத்துவீரனின் கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவவைத்தாள். பேரன் மயக்கத்தில் கிடந்தான். தொடலாமா என்று தெரியவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

மாலை 4.30.

ஸ்டேஷனில் சப் இன்ஸ்பெக்டர் முனீஸ்வரி அவருக்கு எழுந்து நாற்காலி காட்டினாள். எதிர்ச் சுவரோரம் சூர்யபிரகாஷ் நின்றிருந்தான். மேசையில் அவன் துண்டு.

"ஐயா, பையன் போலீஸ் செலக்‌ஷன்ல ஓட்டம், கயிறு ஏறுறது எல்லாம் முடிச்சிட்டான். அடுத்த வாரம் நன்னடத்தைச் சரிபார்ப்பு. நான் எஃப்.ஐ.ஆர். போட்டா அதோட அவன் வேலை போச்சு. ஒரு தடவை நீங்களும் கேட்டுருங்க."

முத்துவீரன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வண்டியத் தொட்டியா?"

"தொட்டேன்."

"எண்ணெய் தடவுனியா?"

"இல்ல."

"பின்ன என்ன செஞ்ச?"

அவன் தரையைப் பார்த்தான்.

"வாயத் தெறந்து சொல்லுலே."

"சொன்னா நம்பவா போறிய? என் வாயால நான் சொல்ல மாட்டேன். துண்டு அங்கதான இருக்கு."

முத்துவீரன் துண்டைப் பிரித்தார். எண்ணெய்ப் பிசுக்கு. நடுவே சிவப்பாக ஒரு தீற்றல். செம்மண் என்று நினைத்தார். அடுத்த நொடியே அந்த நினைப்பு நின்றது. தோப்பில் செம்மண் ஏது? அவர் கால் முழுக்க அப்பியிருந்தது கரிய களிமண்.

துண்டை மூக்கருகே கொண்டுபோனார். காலையிலிருந்து கையில் இருந்த வாசம். அவர் தன் கையை முகர்ந்தார். சோப்பு வாசம் மட்டும் வந்தது.

முனீஸ்வரி எழுதுவதை நிறுத்தினாள்.

"அம்மா, எழுதிக்கோங்க," என்றார். குரல் ஸ்டேஷன் குரலாகவே இருந்தது. "தகட்டுல இருந்தது இலுப்பை எண்ணெய். சமையலுக்கு ஆகாது, வண்டிக்கும் ஆகாது. சாமிக்குத்தான். அதுல குங்குமம் கலந்திருக்கு. தோப்புல அது ஒரே ஒரு கிண்ணத்துலதான் இருந்துச்சு. என் கிண்ணத்துல."

"ஐயா…"

"வெற்று இரும்புல வைக்கணும். அந்தச் சைக்கிள்ல எல்லாம் பெயிண்ட். பளபளன்னு தெரிஞ்சது அந்த ஒரு தகடுதான். ஓட்டை ஓட்டையா, சாமி சக்கரம் மாதிரி இருந்துச்சு. அது பிரேக்குன்னு எனக்குத் தெரியாது. விரலை மடக்கி ரெண்டு பக்கமும் தடவுனேன். எண்ணெயை விரல்லயே வச்சுக்கிட்டு, காலம்புற அந்தத் தகட்ட மோந்து பாத்து, என் கை வாசம்னு விட்டுட்டேன். துப்புத் துலக்குன லட்சணம் அது. குத்தவாளி பேரு முத்துவீரன்."

சூர்யபிரகாஷ் அப்போதும் தலை நிமிரவில்லை.

"இவன் அதே சாமி கும்பிடுறவன். பாத்ததும் காப்புன்னு தெரிஞ்சிருக்கு. பிரேக்குன்னும் தெரிஞ்சிருக்கு. தொடச்சிருக்கான். பெரியவன் வச்ச காப்பை அழிச்சேன்னு எப்படிச் சொல்லுவான்?"

முனீஸ்வரி பேனாவை மூடினாள். "ஐயா, உங்க புகாரைத் திருப்பித் தாரேன். இதுக்கு நான் என்ன செக்‌ஷன் போட? ஒண்ணும் செய்ய முடியாது."

இதே வார்த்தையை மேசைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து அவர் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள் ஏன் எழுந்து போகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள் என்பது இப்போதுதான் விளங்கியது.

மாலை 5.15.

வாசலில் சூர்யபிரகாஷ் மழை விடக் காத்து நின்றான். முத்துவீரன் அவனருகில் போய் நின்றார். கேட்க வேண்டிய வார்த்தை ஒன்று இருந்தது. எழுபத்தொரு வருடத்தில் அதை அவர் யாரிடமும் கேட்டதில்லை. இப்போதும் வரவில்லை. வேறொன்று கேட்டார்.

"வெளிப்பக்கம் தொடச்ச. உள்பக்கம் ஏன் தொடைக்கல?"

சூர்யபிரகாஷ் முதன்முறையாக அவர் முகத்தைப் பார்த்தான்.

"தொடைக்கத்தான் துண்டை மடக்குனேன் தாத்தா. அதுக்குள்ள நீங்க 'யாருலே'ன்னு அதட்டிட்டிய."