மூன்றாவது வளையம்

நாலு வயதுப் பவளத்துக்குச் சிறுநீரகம் இரண்டுதான். கணினி மட்டும் மூன்று என்றது.

உத்திரமேரூர் ஏரிக்கரையை ஒட்டிய எங்கள் ஸ்கேன் சென்டரில் எனக்கு இது இரண்டாம் வருடம். குழந்தையின் கையில் மருந்தை ஏற்றிப் படுக்க வைப்போம். பத்து நொடிக்கு ஒன்றாக இருபது நிமிடம் படமெடுப்போம். மருந்து சிறுநீரகத்துக்குள் நுழைவதும் வடிவதும் அதில் தெரியும். நூற்றிருபது படங்களிலும் சிறுநீரகத்தைச் சுற்றி மென்பொருளே வளையம் போட்டுவிடும். மூச்சு விட்டால் சிறுநீரகம் ஏறி இறங்கும்; வளையமும் கூடவே நகரும். அதற்குள் எவ்வளவு மருந்து என்று பார்த்தால், எது எவ்வளவு வேலை செய்கிறது என்று சொல்லிவிடலாம்.

மூன்றாவது வளையம் பவளத்தின் இடது சிறுநீரகத்தை ஒட்டிக் கிடந்தது. அதன் பங்கையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. இடதுக்கு ஒன்பது சதவீதம்தான் வந்தது. பத்துக்குக் கீழே போனால் அந்தச் சிறுநீரகத்தை எடுத்துவிடலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

"அறுத்துதான் ஆவணுமா சார்?" என்றார் அவள் அப்பா இருசப்பன்.

"வியாழக்கிழமை இன்னொரு தடவை படம் எடுத்துப் பார்த்துடலாம்."

விரிப்பில் மருந்து கலந்த சிறுநீர் சிந்தியிருந்தால் இப்படிப் பொய்யாகத் தெரிவதுண்டு. விரிப்பை மாற்றினேன். பழைய படங்களைத் திறந்தேன். அந்த வாரம் வந்த நான்கு குழந்தைகளுக்கும் மூன்று வளையங்கள். அதற்கு முன் ஒருவருக்கும் இல்லை.

காலிப் படுக்கையைப் படமெடுத்தேன். ஆளில்லை, மருந்தில்லை. எதுவும் தெரியக் கூடாது.

ஒரே ஒரு வளையம்.

சின்னது.

ஏறியது. இறங்கியது.

ஏசி அறையில் ஈரச் சேற்று வாடை அடித்தது.

அந்த வாரம் மாறியிருந்தது ஒன்றுதான். குழந்தைகளைப் படுக்க வைக்கும் ஏலவார்குழலி லீவில் தாமல் கிராமத்துக்குப் போயிருந்தார். போன் செய்தேன்.

"இன்னா சார், கல்யாண வூட்ல கூட வுட மாட்டீங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் பின்னால் ஒலித்த மேளம் மெல்ல விலகியது. ஒதுக்குப்புறமாக வந்துவிட்டார் போல.

"கொயந்தைய இன்னா சொல்லிப் படுக்க வெச்சீங்க?"

"அசையாதே பாப்பான்னு."

"ஒருத்தருக்குதானே சொல்லிக்கினு கீறீங்க." குரல் தணிந்தது. "நான் இன்னா சொல்வேன்?"

எனக்கு நினைவு வந்தது. அவர் எந்தக் குழந்தையிடமும் 'அசையாதீங்க' என்பார். பாலுக்கு அழும் பிள்ளைக்கு இவ்வளவு மரியாதையா என்று கிண்டல் செய்திருக்கிறேன். சிரிப்பார்.

அது மரியாதை இல்லை. பன்மை.

வியாழக்கிழமை பவளத்தைப் படுக்க வைத்தேன்.

"அசையாதீங்க."

பவளம் தலையைத் திருப்பாமல் கிசுகிசுத்தாள்.

"தள்ளிப் படுத்துக்கிச்சு சார்."

இரண்டு வளையங்கள். இடது, பதினான்கு சதவீதம். சிறுநீரகத்தை எடுக்க வேண்டாம் என்று மருத்துவர் எழுதிவிட்டார். இருசப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

அன்று மாலையே படுக்கைக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டினேன்:

'படமெடுக்கும் முன் அசையாதீங்க என்று சொல்லவும். குழந்தை ஒன்றாக இருந்தாலும் ஒருமையில் சொல்லக் கூடாது.'